நாட்டு நலப்பணித் திட்ட அனுபவம் தொண்டு நிறுவனத் தலைமைப் பணிக்கு வழியாகுமா?

கேள்வி: பொருநைப்பெண்

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இளங்கலைக் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதலாம் ஆண்டிலேயே நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து, இப்போது எங்கள் அலகின் மாணவர் செயலராக இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடந்தது. வழக்கமாக முகாம் முடிந்ததும் எல்லோரும் திரும்பிவிடுவோம். அந்த ஊர்ப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால், இம்முறை நானும் சில தோழியரும் சனிக்கிழமைதோறும் மாலை வகுப்பு ஒன்றைத் தொடர்ந்து நடத்தி வருகிறோம்.

பாடம் சொல்லிக்கொடுப்பதைவிட, அந்த வகுப்பு தடையின்றி நடக்கும்படி பார்த்துக்கொள்வதே எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை இந்த மாதங்களில் கவனித்தேன். எந்த வாரம் யார் வருவது என்று முறை வகுப்பது, தலைமையாசிரியரிடம் பேசிப் பள்ளியின் சாவியை வாங்குவது, ஊராட்சித் தலைவரிடம் கேட்டு விளக்குப் போடச் செய்வது, வராமல் போன பிள்ளையின் வீட்டுக்குச் சென்று விசாரிப்பது ஆகியவை எனக்குச் சலிப்பதே இல்லை. இதையே தொழிலாகக் கொண்டு, பிற்காலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தை வழிநடத்தும் நிலைக்கு வர முடியுமா என்று யோசிக்கிறேன்.

வீட்டில் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். சேவையை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாம் என்பது அப்பாவின் கருத்து. ஆசிரியர் ஒருவர் எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலை படிக்கச் சொல்கிறார். எங்கள் அலகில் முன்பு இருந்து படிப்பை முடித்த அண்ணன்மார் சிலரோ, இப்போதே ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்து என்னை நிர்வாக அறங்காவலர் ஆக்குவதாகச் சொல்கிறார்கள். இத்துறையில் இருப்பவர்கள் உண்மை நிலையைச் சொன்னால் உதவியாக இருக்கும். ஊக்கமூட்டும் சொற்கள் ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டன.

பதில் 1: களப்பணி_மதுரை

சகோதரிக்கு வணக்கம். நான் தென்மாவட்டங்களில் இயங்கும் ஒரு நடுத்தர அளவிலான தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து, இப்போது அதன் செயல் இயக்குநராக இருக்கிறேன். என் தொடக்கமும் நாட்டு நலப்பணித் திட்டம்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது நான் கல்லூரி மாணவன். எங்களை லாரியில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். நாடெங்கிலுமிருந்து வந்த பழைய துணிகள் எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்ததை அன்று அங்கே இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உதவ வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. எந்த ஊரில் எது இருக்கிறது, எது இல்லை என்ற செய்திக்குத்தான் பஞ்சம். மீனவர் சங்கங்களோடு நெடுங்காலம் பணியாற்றிய அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தி, நிறுவனங்களிடையே ஊர்களையும் பணிகளையும் பிரித்துக்கொள்ள வழி செய்த பிறகே வேலை சீரானது. மூட்டை சுமந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரு மேசை, ஒரு பட்டியல், ஒரு தொலைபேசி ஆகியவற்றோடு உட்கார்ந்திருந்தவர்களே என் கவனத்தை ஈர்த்தார்கள். உங்களுக்குச் சாவி வாங்குவதும் முறை வகுப்பதும் பிடித்திருக்கின்றன என்று படித்தபோது அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது. பிறருடைய நல்லெண்ணத்தைக் குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் வேலையாக மாற்றுவதுதான் இத்துறைத் தலைமையின் அடிப்படை. அதில் உங்களுக்கு ஈடுபாடு இருக்கிறது. அது எல்லோருக்கும் அமைவதில்லை.

எனினும் மாணவர் சேவைக்கும் நிறுவனத் தலைமைக்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. முகாமுக்கு வரும் மாணவர் ஏழு நாளில் திரும்பிவிடலாம், ஊதியம் கேட்க மாட்டார், தவறு நேர்ந்தால் கல்லூரி பொறுப்பேற்கும். நிறுவனத்தை நடத்துபவருக்கு இந்த மூன்று வசதிகளும் இல்லை. மூன்றாண்டுத் திட்டம் முடிந்து நிதியுதவி நின்றுபோகும் மாதத்தில், பன்னிரண்டு களப்பணியாளர்களில் யாரைத் தக்கவைப்பது, யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த ஊர் மக்களிடம் இனி வர மாட்டோம் என்று நேரில் போய்ச் சொல்லவும் வேண்டும். நன்கொடையாளர் தம் பெயரைச் சுவரில் எழுதச் சொல்வார், ஊர்ப் பெரியவர்கள் எந்தத் தெருவில் மையம் அமைய வேண்டும் என்று நெருக்குவார்கள், அறங்காவலர் ஒருவர் தம் உறவினரைப் பணியில் சேர்க்கச் சொல்வார். இவற்றையெல்லாம் சமாளிக்கும் பக்குவம் ஒருவரின் கீழ் சில ஆண்டுகள் வேலை பார்த்தால்தான் வரும் என்பது என் உறுதியான கருத்து.

பெரிய பெயர்களைப் பார்த்தாலும் இந்த இடைக்காலம் தெரியும். பங்கர் ராய் 1960களின் நடுவில் பீகார் பஞ்ச நிவாரணத்துக்குச் சென்ற படித்த இளைஞர்களில் ஒருவர். அங்கிருந்து திரும்பியதும் அவர் நிறுவனம் தொடங்கிவிடவில்லை. ராஜஸ்தான் கிராமங்களில் சில ஆண்டுகள் வெடி வைத்துக் கிணறு தோண்டும் தொழிலாளியாக வேலை செய்த பிறகே, பின்னாளில் வெறுங்கால் கல்லூரி என்று பெயர் பெற்ற அமைப்பை 1972இல் திலோனியாவில் உருவாக்கினார். ஷாஹீன் மிஸ்திரி மும்பை செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தபோதே சக மாணவர்களைத் திரட்டிச் சேரிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார். அதிலிருந்து ஆகாங்க்ஷா அமைப்பு வளர்ந்தது. பட்டதாரிகளை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு இரண்டாண்டு ஆசிரியர்களாக அனுப்பும் டீச் ஃபார் இந்தியாவை அவர் பின்னர் தொடங்கி, அதன் முதல் ஆசிரியர் அணி 2009இல் வகுப்பறைக்குள் நுழைந்தபோது அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கள அனுபவம் இருந்தது. மதுரைக்காரன் என்பதால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். களஞ்சியம் என்னும் மகளிர் சேமிப்புக் குழுக்களுக்கும் வயலகம் என்னும் கண்மாய்ப் பாசன உழவர் சங்கங்களுக்கும் பெயர் பெற்ற தானம் அறக்கட்டளையை 1997இல் தொடங்கிய வாசிமலை, அதற்குமுன் பிரதான் என்னும் தேசிய அமைப்பில் பணியாற்றி அதன் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தவர்.

ஆகவே, இப்போதே அறக்கட்டளை வேண்டாம். ஒரே வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் நிறுவனம் ஒன்றில் களப்பணியாளராகவோ திட்ட ஒருங்கிணைப்பாளராகவோ சேருங்கள். மூன்றாம் ஆண்டில் உங்களுக்குக் கீழே நான்கு பேர் இருப்பார்கள். அவர்களை வேலை வாங்கப் பழகும் காலம்தான் உண்மையான பயிற்சி. நிதிக்கான முன்மொழிவு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். பலரும் அதை அலுவலகத்து எழுத்தர் வேலை என்று நினைத்து ஒதுங்குகிறார்கள், பின்னர் அதுவே தெரியாமல் இடைநிலையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

பதில் 2: வரவுசெலவு

நான் பல அறக்கட்டளைகளின் கணக்குகளைப் பார்த்துவருபவன். மேலே உள்ளவர் பக்குவத்தைக் காரணம் காட்டினார்; நான் சட்டத்தைக் காரணம் காட்டுகிறேன்.

அறக்கட்டளையைப் பதிவு செய்வது எளிது. ஆவணம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்துவிடும். நிர்வாக அறங்காவலர் என்ற பட்டத்தோடு வருமான வரிச் சட்டப் பொறுப்பும் உங்கள் கையெழுத்தின் மேல் வந்து நிற்கும் என்பதைத்தான் அந்த அண்ணன்மார் சொல்லியிருக்க மாட்டார்கள். வரிவிலக்குக்கான பதிவு, நன்கொடையாளருக்கு விலக்கு கிடைக்க அனுமதி, இரண்டையும் உரிய காலத்தில் புதுப்பித்தல், நன்கொடை விவரங்களை ஆண்டுதோறும் உரிய நாளுக்குள் வருமான வரித் துறையில் பதிவேற்றுதல், ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்கே செலவிட்டிருத்தல் என்று வேலைகள் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

அதன் பிறகும் பணம் எங்கிருந்து வரும்? 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர இலாபம் 5 கோடி என்ற அளவை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் ஆசையோடு பேசும் பணம் இதுதான். அதைப் பெற்றுச் செயல்படுத்த ஓர் அறக்கட்டளைக்கு மூன்றாண்டுச் செயல்பாட்டு வரலாறும், மத்திய அரசிடம் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் செய்த பதிவும் தேவை. வெளிநாட்டு நிதிக்கான எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கு மூன்றாண்டு இருந்திருந்தால் மட்டும் போதாது. அக்காலத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாயைத் தன் பணிகளுக்குச் செலவிட்டிருக்கவும் வேண்டும். 2020இல் அச்சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள், ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறொன்றுக்கு மாற்றித் தருவதையும் தடை செய்தார்கள். பெரிய அமைப்புகளின் வழியே நிதி பெற்றுவந்த சிறிய கிராமப்புற அமைப்புகள் பலவற்றுக்கு அது பெரிய அடியாக விழுந்தது.

எனவே இன்று பதிவு செய்தால், முதல் மூன்று ஆண்டுகளுக்கு நண்பர்கள், உறவினர்கள் தரும் நன்கொடையே உங்கள் நிதி. அதை வைத்துச் சனிக்கிழமை வகுப்பை நடத்தலாம். அதற்கு அறக்கட்டளையே தேவையில்லை. இப்போதும் நடத்திக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

கணிதம் படித்தவர் என்பதால் ஒரு யோசனை. இத்துறையில் களத்தை நேசிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். வரவு செலவுத் திட்டத்தைப் படித்து, எந்தத் தலைப்பில் பணம் மிஞ்சுகிறது, எது பற்றாமல் போகும் என்று நவம்பர் மாதமே சொல்லக்கூடிய திட்ட மேலாளர்கள் மிகக் குறைவு. மார்ச் மாதக் கடைசியில், நிதி உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழுக்காக என் மேசைக்கு முன் வந்து நிற்பவர்களைப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

பதில் 3: முன்னாள்_திட்ட_அலுவலர்

அம்மா, நான் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இத்திட்டம் தொடங்கப்பட்டது. சமூகத் தொண்டின் வழியே மாணவரின் ஆளுமையை வளர்ப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். கிராமத்துக்கு நன்மை செய்வதைவிட மாணவருக்குக் கற்பிப்பதே அதில் முதன்மையானது என்பதை நாங்களே பல நேரங்களில் மறந்து, ஆண்டுக்கு 120 மணி நேரம் என்ற கணக்கைப் பூர்த்தி செய்வதிலும், துடைப்பத்தோடு நிற்கும் படத்தை அறிக்கையில் ஒட்டுவதிலும் நின்றுவிட்டோம். நீங்கள் முகாமுக்குப் பிறகும் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்பதே உங்கள் கேள்வியை நான் பொருட்படுத்திப் படிக்கக் காரணம்.

மதுரை நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் காத்திருந்தே ஆக வேண்டும் என்பதை விதியாக்க வேண்டாம். மனநலம் குன்றி வீடின்றித் தெருவில் வாழ்ந்த பெண்களுக்காகச் சென்னையில் 1993இல் பேனியன் அமைப்பைத் தொடங்கிய வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அந்தப் பெண்களை ஏற்கும் இடம் வேறெங்கும் இல்லாதபோது அவர்கள் பத்தாண்டு அனுபவத்துக்காகக் காத்திருந்தால் என்ன பயன் விளைந்திருக்கும்? வேறு யாரும் செய்யாத வேலை கண்முன் நிற்கும்போது தொடங்குவது நியாயம். உங்கள் வட்டாரத்திலோ மாலை வகுப்பு நடத்தும் அமைப்புகள் ஏற்கெனவே உள்ளன. 2021இல் அரசே இல்லம் தேடிக் கல்வி என்று ஊர்தோறும் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தத் தொடங்கியது. ஆகவே உங்கள் நிலையில் புதிய அறக்கட்டளைக்குத் தேவை தெரியவில்லை என்ற முடிவுக்கே நானும் வருகிறேன், வேறு வழியாக.

படிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வந்தனா அவர்கள் சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் பயின்றவர். 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய அந்தக் கல்லூரி இன்றும் நல்ல தேர்வு. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் வாரந்தோறும் களப்பணிக்குச் செல்வதும், அதை எழுதி ஆசிரியரிடம் விவாதிப்பதும் கட்டாயம். அந்த விவாதம் சேவை மனத்துக்குக் கிடைக்கும் அரிய ஒழுங்கு. உங்கள் விருப்பம் கிராம நிர்வாகம் சார்ந்தது என்று தோன்றுவதால் திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமத்தையும் பாருங்கள்; 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய அந்த இடம், சுற்றியுள்ள ஊர்களோடு உறவு வைத்துக்கொள்வதையே கல்வியாகக் கருதி வளர்ந்தது. மேலாண்மைப் பக்கம் போக விரும்பினால், 1979இல் வெண்மைப் புரட்சியின் தலைவர் குரியன் அவர்களின் முயற்சியில் குஜராத்தின் ஆனந்தில் உருவான ஊரக மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. செலவு கூடுதல், நுழைவும் கடினம்.

பதில் 4: வடசென்னை_வகுப்பறை

ஊதியம் பற்றி எல்லோரும் நாகரிகமாக நழுவுகிறீர்கள், ஆகவே நான் சொல்கிறேன். நான் இரண்டாண்டு ஆசிரியர் ஃபெலோஷிப் (உதவித்தொகையோடு கூடிய களப்பணி) ஒன்றை முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் சில காலம் இருந்து, இப்போது ஒரு தனியார் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பிரிவில் பணியாற்றுகிறேன். சிறிய நிறுவனங்களில் களப்பணியாளரின் சம்பளம் தனியார் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை ஒட்டியே இருக்கும். தேசிய அளவிலான பெரிய அமைப்புகளின் மேலாளர் பதவிகளில் நன்றாகவே வாழலாம். நேர்முகத் தேர்வின்போது வருங்கால வைப்பு நிதி உண்டா, ஒப்பந்தம் எத்தனை மாதங்களுக்கு, அது திட்டத்தோடு முடிந்துவிடுமா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். நான் இருந்த இடத்தில் சேவை என்ற சொல்லைச் சொல்லியே ஞாயிற்றுக்கிழமைகளையும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பெரிய அமைப்புகளின் உயர்பதவிகளுக்கு வருபவர்களில் பெருநகரக் கல்லூரிகளில் படித்து ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர்களே அதிகம். கிராமத்தை நன்கு அறிந்தவர் களத்திலேயே நிற்க, அவர் சொன்னதைக் கேட்டு எழுதியவர் மாநாட்டில் பேசுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இது நியாயமில்லை. ஆனால் நியாயம் வரும்வரை ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழகுவதைத் தள்ளிப்போடாதீர்கள், தங்கையே.

பொருநைப்பெண் (கேள்வி கேட்டவர்)

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அறக்கட்டளை யோசனையை அண்ணன்மாரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. ஏப்ரலில் என் படிப்பு முடிகிறது. அதன்பின் சனிக்கிழமை வகுப்பு என்னாகும் என்ற கவலை இருக்கிறது. அப்பாவிடம் இதை எப்படிப் பேசுவது என்றும் தெரியவில்லை. மதுரை அண்ணா, ஐயா, அக்கா, யாரேனும் வழி சொல்லுங்கள்.

களப்பணி_மதுரை

வகுப்பை ஏப்ரல் வரை நீங்களே நடத்தாதீர்கள். வரும் வாரமே முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவியர் இருவரைத் தேர்ந்தெடுத்து, தலைமையாசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். பிள்ளைகளின் பெயர், வீடு, யார் எதில் பின்தங்கியிருக்கிறார் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். பிறகு சில வாரங்கள் போகாமல் இருந்து பாருங்கள். வகுப்பு நின்றால் எதனால் நின்றது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு இன்னும் காலம் இருக்கும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முகாம்களின் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. நீங்கள் விலகிய பிறகு நடக்கும் ஒரு வேலையைக் காட்டுங்கள் என்றுதான் கேட்பேன்.

அப்பாவைப் பொறுத்தவரை, வங்கித் தேர்வை எதிரியாக்க வேண்டாம். பொதுத்துறை வங்கிகளின் அலுவலர் தேர்வுக்கு 30 வயது வரை விண்ணப்பிக்கலாம். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகள் களத்தில் இருந்தாலும் அந்தக் கதவு மூடிவிடாது என்பதை அவருக்குத் தேர்வு அறிவிப்பையே காட்டிச் சொல்லுங்கள். பாரத ஸ்டேட் வங்கியின் அறக்கட்டளை 2011 முதல் நடத்திவரும் யூத் ஃபார் இந்தியா ஃபெலோஷிப்பும் இருக்கிறது. பட்டதாரிகளைப் பதின்மூன்று மாதங்களுக்கு அனுபவமிக்க தொண்டு நிறுவனங்களோடு கிராமங்களில் பணியாற்ற அனுப்புகிறார்கள், உதவித்தொகையும் உண்டு. வங்கியின் பெயர் இருப்பதால் உங்கள் அப்பா கொஞ்சம் நிதானமாகக் கேட்பார் என்று நினைக்கிறேன். விண்ணப்ப அறிவிப்பை அவர்களின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். களப்பணியாளர் வேலைக்கு முயல்வதானால் மே மாதத்தில் தனிமடலில் எழுதுங்கள். எங்கள் நிறுவனத்தில் இடம் இல்லாவிட்டாலும், ஊதியத்தை ஒழுங்காகத் தரும் வேறு சில இடங்களின் பெயரைச் சொல்ல முடியும்.